மாமியாரின் கொள்ளுத்தாத்தாவைத் தேடிப்பிடித்த கதை

என் மாமியார் நியூசிலாந்தின் டனீடின்காரர். பூர்வீகம் ஸ்காட்லாந்து. அவருடைய கொள்ளுத்தாத்தா ஹைலண்ட்ஸ் மலைப்பகுதி விவசாயி, 1848இல், டனீடின் இருக்கும் ஒட்டாகோ பகுதிக்கு முதன்முதலில் குடியேறிகளை ஏற்றிவந்த இரண்டு கப்பல்களில் ஒன்றான 'பிலிப் லெய்ங்'கில் வந்து இறங்கியவர் என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்லி வரும் கதை. அதற்கு ஆதாரம் தேடும் வேலை மருமகளான என் தலையில் விழுந்தது. இங்கே பல வீடுகளில் இதே கதை உண்டு. எல்லோருடைய தாத்தாவும் ஏறியிருந்தால் அந்தக் கப்பல் துறைமுகத்திலேயே மூழ்கியிருக்கும்.

இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் ஆரம்பிக்காதீர்கள். அங்கே ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள், நம்முடையவர் யார் என்று பிரிக்கவே முடியாது. குடியேறிய நாட்டில், அவர் இறந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும்.

டனீடின் நகராட்சியின் கல்லறைத் தேடுதளம் இலவசம். இறந்த வருடம் 1895 என்று அதில் கிடைத்தது. பிறகு 'பேப்பர்ஸ் பாஸ்ட்' தளத்தில் பழைய செய்தித்தாள்கள். அதுவும் இலவசம்தான், ஆனால் மங்கிய அச்சைக் கணினி கன்னாபின்னாவென்று படித்து வைத்திருக்கும். பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. தெருப்பெயரையும் மாதத்தையும் போட்டதும் மூன்று வரி இறப்பு அறிவிப்பு வந்தது. கடைசி வரி, தாய்நாட்டுப் பத்திரிகைகள் இதை எடுத்து வெளியிடவும் என்ற வேண்டுகோள். அங்கே இன்னும் உறவு இருந்தது என்று அர்த்தம்.

அடுத்ததுதான் முக்கியம். இறப்புச் சான்றிதழ் வாங்காதீர்கள், பதிவேட்டில் உள்ள எல்லா விவரமும் வரும் 'பிரிண்ட்அவுட்' கேளுங்கள். 1876 முதல் நியூசிலாந்து இறப்புப் பதிவில் அப்பா பெயர், தொழில், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், பிறந்த ஊர், இங்கே எத்தனை வருடம் இருந்தார் என்பதெல்லாம் எழுத இடம் உண்டு. எங்களுக்கு வந்ததில் ஊர் கிர்ரிம்யூர், ஃபார்ஃபர்ஷயர் மாவட்டம் (இன்றைய அங்கஸ்). அப்பா கைத்தறி நெசவாளர். நியூசிலாந்தில் 33 வருடம். கழித்துப் பார்த்தால் 1862. அதற்கு முந்தைய வருடம்தான் ஒட்டாகோவின் கேப்ரியல்ஸ் கல்லி என்ற பள்ளத்தாக்கில் தங்கம் கிடைத்து, அங்கே கூட்டம் கூட்டமாக ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஆக, பிலிப் லெய்ங் கப்பலும் போச்சு, மலைநாடும் போச்சு. கிர்ரிம்யூர் லினன் துணி நெய்த ஊர். விசைத்தறி வந்தபின் கைத்தறிக்காரர்களின் கூலி எங்கே போயிருக்கும் என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஊர் தெரிந்த பிறகுதான் ஸ்காட்லாந்தின் பழைய பதிவுகள் இருக்கும் 'ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள்' தளத்துக்குப் போனேன். பெயர்ப்பட்டியலில் தேடக் காசு இல்லை, பதிவின் படத்தைத் திறக்கத்தான் காசு கொடுத்து வாங்கும் கிரெடிட் வேண்டும். அதனால் ஊர், வயது, பெற்றோர் பெயர் எல்லாம் பொருந்தினால் மட்டும் திறந்தேன். அவருடைய ஞானஸ்நானப் பதிவு மட்டும் அகப்படவே இல்லை. அவர் பிறந்தது 1844 வாக்கில். 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை உடைந்து, ஏராளமான குடும்பங்கள் சுதந்திரத் திருச்சபைக்குப் போய்விட்டன. அவர்கள் வீட்டுக் குழந்தைகள் பழைய திருச்சபையின் பதிவேடுகளில் பெரும்பாலும் இல்லை. ஒட்டாகோ குடியேற்றத்தைத் தொடங்கியதே அந்தச் சபைக்காரர்கள்தான்.

1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைகொடுத்தது. 1841 கணக்கெடுப்பில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள், உறவுமுறையும் இருக்காது. 1851இல் இரண்டும் ஒழுங்காக இருக்கும். அப்பா, அம்மா, ஏழு வயதுப் பையனாக நம்மவர், கூடவே இரண்டு அக்காக்கள்.

புதையல் கிடைத்தது தம்பியிடம். ஸ்காட்லாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1. அந்த முதல் வருடம் மட்டும் பேராசையோடு எல்லாவற்றையும் கேட்டார்கள்: பெற்றோரின் வயது, பிறந்த ஊர், திருமணம் எங்கே எப்போது, இதற்குமுன் பிறந்த பிள்ளைகளில் உயிரோடிருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை. இவ்வளவும் எழுதி மாளாது என்று அடுத்த வருடமே குறைத்துவிட்டார்கள். நம்மவருடைய கடைசித் தம்பி 1855இல் பிறந்தது எங்கள் அதிர்ஷ்டம். இறந்த பிள்ளைகள் இரண்டு என்று அதில் இருந்தது. குடும்பக் கதையில் அவர்கள் கிடையாது. உங்கள் ஆளுக்கு அந்த வருடம் ஒரு தம்பியோ தங்கையோ பிறந்திருந்தால் முதலில் அதற்கே காசு செலவழியுங்கள்.

சரி, இதே குடும்பம்தான் என்று எப்படி உறுதி? தலைமகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாவது மகளுக்கு அப்பாவழிப் பாட்டி பெயர் என்பது ஸ்காட்லாந்து வழக்கம். தாத்தா பெயர் வைக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. டனீடினில் பிறந்த மூத்த மகன், இரண்டாவது மகள் இருவர் பெயரும் அப்படியே பொருந்தின. இதை மட்டும் நம்பி முடிவெடுக்கக்கூடாது, மற்ற ஆதாரங்களோடு சேர்ந்தால்தான் பலம்.

மாமியாருக்குக் கப்பல் போனதில் கொஞ்சம் வருத்தம். இப்போது கொள்ளுப்பாட்டி பக்கமும் பார்க்கச் சொல்கிறார். அவர் அயர்லாந்தில் பிறந்தவர். அங்கே 1901க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே அழிந்துவிட்டன. தேவாலயப் பதிவேடுகளைத்தான் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும்.