விண்டோஸை அழித்துப் போடும் முன் ரேமைச் சோதியுங்கள்

மூன்று வாரமாக என் கணினி நினைத்த நேரத்தில் நின்றுபோய்க்கொண்டிருந்தது. சில நாள் விண்டோஸ் பிழைக் குறியீட்டோடு நின்றுபோகும் நீலத்திரை வரும், சில நாள் அதுகூட வராமல் பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். பிரவுசரில் ஏதாவது படித்துக்கொண்டிருக்கும்போதுகூட நடந்தது, அதனால் சூடு காரணமாக இருக்காது என்று தோன்றியது. ஆனாலும் பார்த்துவிடலாமே என்று தூசி தட்டி, வெப்பநிலை காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். வேலை கொடுத்தபோதும் 70 டிகிரியைத் தாண்டவில்லை. சரி, அது இல்லை.

அடுத்து நான் செய்தது தவறு. பொறுமை போய், விண்டோஸை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் மறுபடி நீலத்திரை. அதற்குப் பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்து, எப்போது விழுந்தது, என்ன செய்துகொண்டிருந்தேன், திரையில் என்ன குறியீடு வந்தது என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். இயல்பாக விண்டோஸ் நீலத்திரையைக் காட்டிய கையோடு தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும், படிக்கவே நேரம் இருக்காது. சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி பகுதிக்குப் போய் அந்தத் தானியங்கி ரீஸ்டார்ட்டை எடுத்துவிட்டால் திரை அப்படியே நிற்கும். முதலில் இதைச் செய்துவிடுங்கள்.

விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் வரிசையாகக் கெர்னல்-பவர் 41 என்று இருக்கும். பலர் அதையே காரணம் என்று நினைத்து உடனே பவர் சப்ளையை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். கணினி முறையாக ஷட்டவுன் ஆகாமல் மறுபடி தொடங்கியது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது, ஏன் என்பதைச் சொல்லாது.

என் நோட்டில் ஆறு நீலத்திரைகள் சேர்ந்த பிறகு விஷயம் கொஞ்சம் புரிந்தது. ஒருமுறை மெமரி மேனேஜ்மென்ட், ஒருமுறை ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், இன்னொருமுறை பேஜ் ஃபால்ட், அதற்குப் பிறகு வேறொன்று. ஒரு டிரைவர்தான் (வன்பொருளை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே குறியீடும் ஒரே கோப்புப் பெயரும் திரும்பத் திரும்ப வரும், இப்படி ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் அடி விழுந்தால் முதல் சந்தேகம் ரேம் மேல்தான், அதாவது ஓடும் வேலைகளின் தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்தின் மேல்தான் போகவேண்டும். இன்னொரு தடயமும் இருந்தது, நான் கவனிக்காமல் விட்டிருந்தேன்: ஒரு பெரிய ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது பிழை என்று சொல்லும், அதே கோப்பை மறுபடி பிரித்தால் ஒன்றும் சொல்லாமல் பிரியும். டிஸ்க்கில் இருக்கும் கோப்பு மாறவில்லை, இடையில் ரேமில் ஏதோ ஒரு பிட் புரண்டிருக்கிறது.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு பென்டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்து, இரவு முழுக்க ஓடவிட்டேன். முதல் சுற்று சுத்தமாகப் போனது! அங்கேயே நிறுத்தியிருந்தால் ரேம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டியிருப்பேன். மூன்றாம் சுற்றில்தான் சிவப்பு வரிகள் வந்தன. அதனால் ஒரு சுற்றோடு நிறுத்தாதீர்கள், அது இயல்பாக ஓட்டும் நான்கு சுற்றும் முடியட்டும்.

என்னிடம் இரண்டு 8 ஜிபி ரேம்கள், ஒன்று கணினியோடு வந்தது, மற்றொன்று பிறகு வாங்கிப் போட்டது. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் சோதித்தேன், பிழை இல்லை. அதே ஸ்லாட்டில் மாற்றிப் போட்டுச் சோதித்தேன், அதிலும் பிழை இல்லை. அப்போது கொஞ்சம் குழம்பித்தான் போனேன். ஸ்லாட் கெட்டிருக்குமோ என்று இரண்டாவது ஸ்லாட்டில் ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தேன், அதுவும் சுத்தம். இரண்டும் சேர்ந்தால் மட்டும் பிழை. கடைசியில் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) போய், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்ததும் வேகம் 3200-லிருந்து 2400-க்கு இறங்கியது, பிழைகளும் நின்றன. எக்ஸ்எம்பி என்பது ஒருவகை ஓவர்கிளாக்தான், அதாவது இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ஒரே பெட்டியில் ஜோடியாக விற்கும் ரேம்களை அந்த வேகத்தில் சேர்த்தே சோதித்திருப்பார்கள், தனித்தனியாக வாங்கிச் சேர்த்தவைக்கு அந்த உறுதி கிடையாது, பெயரும் வேகமும் ஒன்றாகவே இருந்தாலும்.

இதில் என்னை உண்மையில் உலுக்கியது நீலத்திரை இல்லை. ரேம் தவறு செய்யும்போது அதன் வழியாகப் போகும் கோப்புகளும் சத்தமில்லாமல் கெட்டுப்போகலாம், நான் புதிதாகப் போட்ட விண்டோஸ்கூட அந்த ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போனது. எக்ஸ்எம்பியை அணைத்த பிறகு, விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி கருவியை ஓட்டியபோது கெட்டுப்போன சிஸ்டம் கோப்புகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததாகச் சொன்னது. அதனால்தான் சொல்கிறேன், ரேமைச் சோதிக்காமல் ரீஇன்ஸ்டால் பக்கமோ பேக்கப் பக்கமோ போகாதீர்கள். கெட்ட கோப்பை நல்ல பேக்கப்பின் மேல் எழுதிவிட்டால் அதை மீட்க வழியே இல்லை.

இப்போது பன்னிரண்டு நாளாக ஒருமுறைகூட விழவில்லை. அந்த மூன்று வாரத்தில் நகலெடுத்த புகைப்படங்களைக் கேமரா கார்டில் இருக்கும் மூலத்தோடு செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை நான்கு படங்கள் பொருந்தவில்லை, நல்லவேளை கார்டை நான் இன்னும் அழிக்கவில்லை.