கொழும்பில் பொலீட் காளான் தேடி: முதலில் மரத்தைப் பாருங்கள்

கொழும்பில் பொலீட், அதாவது குடையின் அடியில் தகடுகளுக்குப் பதிலாக நுண்துளைகள் உள்ள காட்டுக் காளான், பார்க்கப் போவதென்றால் ஒக்டோபர், நவம்பர் மழை அல்லது மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைதான் நல்ல காலம். மழை விட்டு இரண்டு, மூன்று நாள் கழித்து விடிகாலையில் கிளம்புங்கள். வெயில் ஏறிவிட்டால் குடை வாடிப்போகும், புழுவும் உள்ளே இறங்கிவிடும்.

கொள்ளுப்பிட்டியிலிருந்து 177ஆம் இலக்க பஸ்ஸில் இராஜகிரிய, பத்தரமுல்லைப் பக்கம் போனால் கோட்டே, தலங்கம சதுப்பு நிலங்களும், மாமரமும் பலாவும் நிற்கும் பழைய வீட்டு வளவுகளும் தொடங்கும். பெத்தகான போன்ற காப்பிடங்களில் பார்க்கலாம், படம் எடுக்கலாம், பறிக்கக் கூடாது. பறிப்பதற்கு உரிமையாளர் சம்மதிக்கும் வளவு வேண்டும். பிரதான வீதியோரம் முளைத்ததைத் தொடவே வேண்டாம். பொலீட் காளான்கள் மண்ணிலுள்ள கட்மியத்தையும் பாதரசத்தையும் உறிஞ்சிச் சேர்த்து வைப்பவை.

இங்கே பலர் தவறுவது காளானை முதலில் பார்ப்பதால். மரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான பொலீட்கள் சில வகை மரங்களின் வேர் நுனிகளை உறைபோலச் சுற்றிக்கொண்டு, அந்த மரம் தரும் சர்க்கரையில் வாழ்பவை. மா, பலா, வீதிகளில் நிழல் தரும் மழைமரம் எல்லாம் அந்தக் கூட்டுக்கு வராத மரங்கள். அதனால் நகருக்குள் பொலீட் வகைகள் குறைவு. ஐரோப்பிய வழிகாட்டி நூல்கள் சொல்லும் ஓக், பீச் மரக் காளான்களை இங்கே தேடுவது வீண். அந்தப் படங்களோடு நம் ஊர்க் காளானை ஒப்பிட்டுச் சாப்பிடுவது ஆபத்து.

நகர வளவில் எதிர்பார்க்கக்கூடியது ஃபிளெபோபஸ் போர்ட்டென்டோசஸ் என்ற பொலீட். இலங்கையில் சேகரித்த மாதிரியை வைத்து பெர்க்லி, புரூம் என்ற ஆங்கிலேயக் காளான் ஆய்வாளர்கள் 1873இல் பெயரிட்ட காளான் இது. இது மரவேரோடு அப்படிக் கூட்டுச் சேர வேண்டியதில்லை. வேரில் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சிகளோடு சேர்ந்து வாழும், அதனால்தான் பழமரங்களுக்கடியில் வருகிறது. வட தாய்லாந்தில் இதைச் சந்தையில் வைத்து விற்கிறார்கள். குடை கரும்பழுப்பு, சில வேளை சாப்பாட்டுக் கோப்பையை விடவும் அகலம். அடிப்பக்கம் மஞ்சள், முதிர முதிர ஒலிவ் நிறம். காம்பு பருத்து, அடியில் புடைத்து நிற்கும். சதை மஞ்சள், வெட்டினால் மெல்ல நீலம் ஓடும்.

கையில் எடுத்ததும் செய்ய வேண்டியது, குடையைக் கவிழ்த்துப் பார்ப்பது. பொலீட் என்றால் பஞ்சு போன்ற நுண்துளைகள் தெரியும். விரல் நகத்தால் நெம்பினால் அந்தக் குழாய்ப் படை சதையிலிருந்து தனியாகக் கழன்று வரும். கத்தியைப்போல் மெல்லிய தகடுகள் அடுக்கியிருந்தால் அது பொலீட் அல்ல, அங்கேயே விட்டுவிடுங்கள். உயிரைக் குடிக்கும் அமனிட்டாக்கள் தகடுள்ளவை. புல்தரையில் வெள்ளையாய்ப் பெரிதாய் முளைத்து, பச்சை வித்தி (காளானின் விதை போன்ற நுண்தூள்) கொட்டி, கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் தரும் குளோரோஃபில்லமும் தகடுள்ளதே. துளை இருந்தும் மரத்துண்டு போல் கடினமாக இருந்தால் அது மரத்தில் வளரும் வேறு குடும்பம்.

காம்பின் பாதியில் வெட்டிக்கொண்டு வராதீர்கள். அடிமண்ணோடு தோண்டி எடுக்க வேண்டும். மண்ணுக்குள் காம்பைச் சுற்றிப் பை போன்ற உறை இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும், அது அமனிட்டாவின் அடையாளம். ஷொப்பிங் பேக்கில் போட்டால் கொழும்புப் புழுக்கத்தில் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். காகிதப் பையோ பனையோலைப் பெட்டியோ நல்லது. ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக வையுங்கள்.

வீட்டில் நெடுக்காக வெட்டி, நிறம் மாறுவதை ஐந்து நிமிடம் கவனியுங்கள். “நீலமானால் நஞ்சு” என்பது தவறு. சதையிலுள்ள வேரியகேட்டிக் அமிலம் காற்றுப் பட்டு நீலமாகிறது, உண்ணத்தக்க வகைகளிலும் இது நடக்கும். ஆனால் துளை வாய்கள் சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ இருந்து சதையும் நீலமானால் விலக்கிவிடுங்கள், விவாதமே வேண்டாம். வெள்ளைப் பூஞ்சை அல்லது பொன்மஞ்சள் மா படிந்ததையும் எறிய வேண்டும். அது பொலீட்டைத் தின்னும் இன்னொரு பங்கசு. காளானோடு சட்டியில் போட்ட உள்ளியும் வெள்ளிக் கரண்டியும் கறுக்கிறதா என்று பார்ப்பது எதையும் நிரூபிக்காது. நத்தை கடித்திருப்பதும் அப்படித்தான்.

அடுத்தது வித்திப் படிவு. காம்பை நீக்கி, பாதி வெள்ளை பாதி கறுப்பான தாளில் துளைப்பக்கம் கீழே இருக்கக் குடையை வைத்து, மேலே ஒரு துளி நீர் விட்டு, கிளாசால் மூடி இரவு முழுக்க விடுங்கள். அதற்கு மேல் வைத்தால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஃபிளெபோபஸ் என்றால் ஒலிவ் பழுப்புத் தூள் விழும். இளஞ்சிவப்பு நிறம் விழுந்தால் டைலோபிலஸ் கூட்டமாக இருக்கலாம், அதில் பல வகைகள் வாயில் வைக்க முடியாத கசப்பு.

ஹங்வெல்லைக்கு அப்பால் லபுகம, கலட்டுவாவ நீரேந்துக் காடுகளில் கதை வேறு. அனுமதி பெற்றே போக வேண்டிய இடம். அங்கே நிற்கும் ஹொர மரம் பொலீட்களோடு வேர்க்கூட்டுச் சேரும் குடும்பம். அந்தக் காட்டில் கண்டதைச் சட்டிக்குக் கொண்டுவர வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. இத்தகைய காட்டு வகைகளைக் கண்ணால் பார்த்து இனம் பிரிப்பது நிபுணருக்கே கடினம். படம், மரத்தின் பெயர், வெட்டு நிறம், வித்திப் படிவு நான்கையும் குறித்து வைத்தால் பேராதனை போன்ற இடங்களில் பங்கசு படித்தவர்களிடம் காட்டலாம்.

இனம் உறுதியான ஃபிளெபோபஸைக்கூடப் பச்சையாக உண்ணக் கூடாது. முதிர்ந்த குழாய்ப் படையை நீக்கி, விரல் தடிப்பில் அரிந்து, 20 நிமிடம் நன்றாக வேக விடுங்கள். சீனாவின் யுனான் மாகாணத்தில் லன்மாவோ ஆசியாட்டிகா என்ற பொலீட்டை அரைவேக்காட்டில் உண்டவர்களுக்குக் குட்டி மனிதர்கள் தெரியும் மயக்கம் வருவது பதிவாகியிருக்கிறது. முதல் தடவை இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். மதுவோடு வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். சமைக்காத ஒரு முழுக் காளானைக் காகிதத்தில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

உண்டு சில மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் பெரும்பாலும் குடல் நஞ்சு. 6 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கினால் ஈரலைத் தாக்கும் நஞ்சாக இருக்கலாம், இடையில் சுகமானதுபோல் தெரிந்தாலும் நம்ப வேண்டாம். இரண்டிலும் உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள். தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இருக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்த அந்தக் காளானையும் வித்திப் படிவுத் தாளையும் கையோடு கொண்டு போங்கள்.