நூலிழை நூலிழையாக வரைந்தவர்கள்

அருங்காட்சியகப் பொருட்களை வரைந்து ஆவணப்படுத்துவது என் வேலை. கேமரா இருக்கும்போது கையால் வரைவது எதற்கு என்று கேட்பவர்களுக்கு, வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள ‘இண்டெக்ஸ் ஆஃப் அமெரிக்கன் டிசைன்’ (அமெரிக்க வடிவமைப்பு அட்டவணை) என்ற ஓவியத் தொகுப்பின் படங்களைக் காட்டுவேன்.

பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த ஓவியர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அமெரிக்க அரசு 1935இல் தொடங்கிய கலைத் திட்டத்தின் ஒரு பகுதி அது. நியூயார்க் பொது நூலகத்தின் படத்தொகுப்பைக் கவனித்துவந்த ரொமானா ஜாவிட்ஸும் துணி வடிவமைப்பாளர் ரூத் ரீவ்ஸும் அதற்கான யோசனையை முன்வைத்தார்கள். 1942 வரை 18,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள் உருவாயின. மண்ஜாடி, மரப்பொம்மை, ஷேக்கர் என்ற கிறிஸ்தவச் சமயக் குழுவினரின் நாற்காலி என்று சாமானியர்கள் புழங்கிய பொருட்களே அவற்றில் மிகுதி.

வண்ணப் புகைப்படம் அன்று செலவு பிடிப்பதாகவும் நிறம் நிலைக்காததாகவும் இருந்ததால் நீர்வண்ணத்தைத் தேர்ந்தார்கள். எகிப்திய அகழாய்வுப் பொருட்களை வரையக் கையாண்ட முறையை பாஸ்டனில் சுசான் சாப்மன் என்ற ஓவியர் இத்திட்டத்தின் ஓவியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். மெல்லிய பென்சில் கோட்டின்மேல் நீர்த்த வண்ணத்தைப் பூசி, அது உலர்ந்தபின் அடுத்த பூச்சைக் கொடுத்து, ஒளிபடும் இடத்தில் தாளின் வெண்மையையே விட்டுவைக்கும் இந்த வகை வேலையில் அவசரத்துக்கு இடமே இல்லை. அடிப்பூச்சு காயுமுன் தூரிகை பட்டால் இரண்டு நிறமும் கலங்கிச் சேறாகிவிடும்.

மேக்னஸ் ஃபாஸம் என்ற ஓவியர், 1770ஆம் ஆண்டைச் சேர்ந்த படுக்கை விரிப்பு ஒன்றைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கும் புகைப்படம், 1940இல் ஃபுளோரிடாவின் கோரல் கேபிள்ஸில் எடுத்தது, என்னை எப்போதும் ஈர்க்கும். நெசவை வரைபவர் எந்த இழை மேலே வருகிறது, எது அடியில் போகிறது என்று நெய்தவரைப் போலவே பின்தொடர்ந்தாக வேண்டும். லூசில் ஷாபோ வரைந்த, எக்காளம் ஊதும் காபிரியேல் தேவதை வடிவிலான காற்றுத்திசைகாட்டியிலோ வெயிலும் மழையும் உலோகத்தின்மீது விட்டுச்சென்ற தடங்கள் அனைத்தும் தெரிகின்றன. 1965ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் அஞ்சல்தலைக்கு இந்த ஓவியமே ஆதாரமாயிற்று.

பூர்வகுடிகளின் கைவினைகளை மட்டும், மானுடவியலாளர்கள் பதிவுசெய்கிறார்கள் என்ற காரணத்தால் விலக்கிவிட்டார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு நாட்டின் வடிவமைப்பு என்று பெயர் சூட்டியபின், அந்த மண்ணின் முதல் குடிகள் முடைந்த கூடைக்கும் வனைந்த பானைக்கும் அதே தாளில், அதே பொறுமையோடு இடம் தந்திருக்க வேண்டும்.