காலாங் கடல்சுவரும் கான்ஸ்டலேஷன் விமானமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவைச் சிங்கப்பூரின் பழைய காலாங் விமான நிலையக் கட்டடத்துக்கு அழைத்துச் சென்றேன். கண்ணாடி பதித்த வட்டக் கோபுரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, முன்பு கடல் இருந்த திசையைக் கையால் காட்டி, "அந்தப் பக்கம்தான் புகை கிளம்பிச்சு" என்றார். 1954 மார்ச் 13, சனிக்கிழமை பிற்பகல். அப்போது கேலாங்கில் குடியிருந்த அவருக்கு வயது பன்னிரண்டு.

அன்று சிட்னியிலிருந்து லண்டனுக்குப் போகும் வழியில், ஜகார்த்தாவைத் தொட்டுவிட்டு வந்த பிஓஏசி என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் காலாங்கில் தரையிறங்க முயன்றது. ஓடுபாதை தொடங்குவதற்குச் சற்று முன்பே மிகத் தாழ்ந்துவிட்ட அதன் சக்கரப் பகுதி கடல்சுவரில் மோத, இறக்கை முறிந்து, விமானம் கவிழ்ந்து தீப்பற்றியது. அதில் இருந்த 40 பேரில் 33 பேர் இறந்தனர். பயணிகள் 31 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. உயிர் தப்பிய ஏழு பேருமே விமான ஊழியர்கள்.

விமானப் பராமரிப்பில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்யும் எனக்கு, இந்த விமானத்தின் மீது சிறுவயது முதலே தீராத ஈடுபாடு உண்டு. மூன்று செங்குத்து வால்களும், மீனைப்போல் வளைந்த உடலும், நான்கு என்ஜின்களும் கொண்ட கான்ஸ்டலேஷன் 1943 ஜனவரியில் முதன்முதலாகப் பறந்தது. எல்லா வகைகளும் சேர்த்து 856 விமானங்கள் கட்டப்பட்டன. அதன் ரைட் ஆர்-3350 என்ஜினில், வரிசைக்கு ஒன்பதாக இரண்டு வரிசைகளில் 18 சிலிண்டர்கள். அத்தனை வலிமையை அவ்வளவு சிறிய சுற்றளவுக்குள் அடக்கியதற்கு விலை இருந்தது: போர்க்காலத்தில் இதே என்ஜினைப் பூட்டிய பி-29 குண்டுவீச்சு விமானங்களிலும் தீ விபத்துகள் தொடர்ந்தன.

1946 ஜூனில், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட பான் அமெரிக்கன் நிறுவனத்தின் கான்ஸ்டலேஷன் ஒன்றில் என்ஜின் தீப்பற்றிக் கழன்று விழுந்தது. மீதமிருந்த மூன்று என்ஜின்களோடு கனெக்டிகட் மாநிலத்தின் சிறிய விமானத் தளம் ஒன்றில் விமானி அதை வயிற்றுப்பகுதியால் தரையிறக்க, எல்லோரும் பிழைத்தனர். அடுத்த மாதம் 11ஆம் தேதி பென்சில்வேனியாவின் ரெடிங் அருகே, பயிற்சிக்காகப் பறந்த, டிடபிள்யூஏ என்ற அமெரிக்க நிறுவனத்தின் கான்ஸ்டலேஷனுக்கு அந்த நற்பேறு இல்லை. ஆறு பேரில் ஐவர் மாண்டனர். மறுநாளே கான்ஸ்டலேஷன் பறப்பதற்கு அமெரிக்க அரசு தடை விதித்தது.

ரெடிங் விபத்துக்கு என்ஜின் காரணமில்லை என்பதை நான் ஒவ்வொரு புதிய பயிற்சியாளரிடமும் சொல்வதுண்டு. காற்றழுத்தம் ஏற்றிய விமான உடலில் மின்கம்பிக்காக வெறும் துளை போட்டால் காற்று கசிந்துவிடும். அதனால் ஜெனரேட்டரின் மின்சாரத்தை உலோகத் தகட்டின் ஊடாக ஒரு திருகாணி வழியே உள்ளே கொண்டுவந்தார்கள். அந்தத் திருகாணிக்கும் தகட்டுக்கும் இடையிலான காப்பு பழுதாகி மின்பொறி பறக்க, அருகில் விமான உடலின் உட்புறத்தில் பதித்திருந்த வெப்பக் காப்புப் பஞ்சு பற்றிக்கொண்டது. விமானிகளால் விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியாத அளவுக்குப் புகை சூழ்ந்துவிட்டது. விரலளவுப் பொருள் ஒன்று நான்கு என்ஜின் விமானத்தை வீழ்த்திய கதை அது.

சில ஆண்டுகளுக்கு முன், இரவு வேலை முடியும் தறுவாயில், சரக்கு அறையின் பக்கப் பலகையைக் கழற்றியபோது, பிடிப்பான் ஒன்று தளர்ந்து, மின்கம்பிக் கட்டு தாங்கிச் சட்டத்தின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்ததைக் கண்டேன். மேலுறை நகத்தின் அகலத்துக்குத் தேய்ந்து, உள்ளே செம்பு மினுங்கியது. முந்தைய பரிசோதனையில் அந்தப் பலகையைப் பூட்டிக் கையொப்பமிட்டவன் நானே. அன்று காலை பேருந்தில் வீடு திரும்பும் வரை ரெடிங் என்ற ஊர்ப்பெயர் மனத்தை விட்டு அகலவில்லை.

கான்ஸ்டலேஷனுக்கு விதித்த தடை 1946 ஆகஸ்ட் மாதம் நீங்கியது. அதன்பின் நேர்ந்த விபத்துகளை எல்லாம் ஒரே கணக்கில் சேர்த்து, "இத்தனை விமானங்கள் விழுந்தன" என்று சொல்லிவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. 1950இல் ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' மோன் பிளாங்க் மலையில் மோதி 48 பேர் இறந்தனர். 1955இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்க மாநாட்டுக்குச் சென்ற 'காஷ்மீர் பிரின்சஸ்', ஹாங்காங்கில் வைக்கப்பட்ட வெடிகுண்டால் நத்துனா தீவுகள் அருகே கடலில் விழுந்து 16 பேர் இறந்தனர். 1956இல் கிராண்ட் கேன்யன் மேலே சூப்பர் கான்ஸ்டலேஷனும் டிசி-7 விமானமும் மோதிக்கொண்டு 128 பேர் இறந்தனர். அமெரிக்க வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு திருத்தி அமைக்கப்பட்டதற்கு அது முக்கியக் காரணமானது. மலையில் மோதியதையும் சதிகாரர் வைத்த குண்டையும் திருகாணியோடு ஒரே பட்டியலில் எழுதினால், எதை எங்கே சரிசெய்வது என்பதே தெரியாமல் போய்விடும்.

காலாங் விபத்தும் அப்படித்தான். விசாரணையில் விமானி தரையிறங்கிய முறை பிழை என்று முடிவானது. ஆனால், சிட்னியிலிருந்து புறப்பட்டு 21 மணி நேரத்துக்கும் மேலாக அவர் பணியில் இருந்ததால் ஏற்பட்ட களைப்பும் அந்தப் பிழைக்கு ஒரு காரணம் என்று அதே விசாரணை கூறியது. விமான நிலையத் தீயணைப்புப் பிரிவிடம் போதிய கருவிகளும் பயிற்சியும் இல்லை என்றும் கண்டித்தது. களைத்த கண்ணுக்கு ஒரு கடல்சுவர் எவ்வளவு தொலைவில் தெரியும் என்பதை, பன்னிரண்டு மணி நேர இரவு வேலைக்குப் பின் கையொப்பமிடும் என்னால் ஓரளவு உணர முடிகிறது.

அடுத்த ஆண்டே பாய லேபார் என்ற புதிய விமான நிலையம் திறக்கப்பட்டு, காலாங் மூடப்பட்டது. சனிக்கிழமை புகையைத் தூரத்திலிருந்து பார்த்த அப்பா, ஞாயிறு காலை நண்பர்களோடு வேலிவரை போனாராம். காவலர்கள் விரட்டியதால் எதையும் பார்க்கவில்லை. எரிந்த ரப்பர் வாடை மட்டும் நினைவிருக்கிறது என்கிறார்.