சிறுமலை தெரிகிற வானிலை மாதிரி

காற்றையும் ஈரத்தையும் கணக்கிட்டு மழையை முன்கூட்டிச் சொல்லும் நிரலான டபிள்யூ.ஆர்.எஃப் வானிலை மாதிரியை வீட்டுக் கணினியில் ஓட்டத் தொடங்கியதற்கு மதுரையின் சாயங்கால மழைதான் காரணம். திருப்பரங்குன்றத்தில் கொட்டித் தீர்க்கும். ஆனையூரில் தூறல்கூட விழாது. அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ் உலக மாதிரி இலவசமாகத் தரும் தரவின் கட்டம், அதாவது நிலப்பரப்பைப் பிரிக்கும் ஒவ்வொரு சதுரத்தின் பக்கம், கால் பாகை, சுமார் 28 கிலோமீட்டர். அதில் சிறுமலையும் அடிவாரச் சமவெளியும் ஒன்றாகக் கரைந்துபோகின்றன. மலையை மழித்துவிட்டு இந்த வட்டாரத்து மழையைக் கணிக்க முடியாது.

தென்னிந்தியாவுக்கு 9 கிலோமீட்டர் கட்டம், அதற்குள் மதுரை, திண்டுக்கல், தேனிப் பகுதிக்கு மட்டும் 3 கிலோமீட்டர் கட்டம் என்று அமைத்திருக்கிறேன். கட்டத்தை மூன்றில் ஒன்றாக்கினால் நீளத்தில் மும்மடங்கு, அகலத்தில் மும்மடங்கு, காலப்படியும் (ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையே மாதிரி தாண்டும் நேரம்) அதே அளவு சுருங்குவதால் இன்னொரு மும்மடங்கு. அதே பரப்புக்கு 27 மடங்கு வேலை. ஆனால் பலன் பெரியது. 9 கிலோமீட்டரில் இடிமழைக்குத் தனிச் சூத்திரம் போட்டு ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. 3 கிலோமீட்டரில் மாதிரி மேகத்தைத் தானே வளர்க்கிறது. வழக்கமான 18 விநாடிக் காலப்படியில் கொடைக்கானல் சரிவுகளுக்கு மேல் கணக்கு நிலைகுலைந்து ஓட்டம் பாதியில் நின்றது. 15 விநாடிக்கு இறக்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

வீட்டிலிருக்கும் வேகமான கணினி, பழைய கணினி இரண்டையும் கேபிளால் இணைத்து வேலையைப் பங்கிட்டுப் பார்த்தேன். மாதிரி பங்கைச் சமமாகவே பிரிக்கிறது. வேகமான கணினி ஒவ்வொரு படியிலும் மெதுவானதற்காகக் காத்து நிற்கிறது. இப்போது பழைய கணினிக்குத் தரவை இறக்குவதும் வரைபடம் போடுவதும் மட்டுமே வேலை. மின்வெட்டுக்காக, ஓட்டத்தின் நிலையை மணிக்கொரு முறை சேமிக்கச் சொல்லியிருக்கிறேன்; விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஓட்டத்தின் தொடக்கமாக ஜி.எஃப்.எஸ்ஸின் எந்நேரத் தரவை எடுப்பது என்பதும் முக்கியம். தொடங்கிய முதல் சில மணி நேரத்துக்கு மாதிரியின் மழையை நம்ப முடியாது; அதன் காற்றும் ஈரமும் நிலைகொள்ள அவகாசம் வேண்டும். அதனால் முந்தைய இரவு 11.30 மணி நிலவரத்தை எடுக்கிறேன். அந்தத் தரவு விடியுமுன் வந்துவிடும். காலைக் காபிக்குள் பதிவுக் கோப்பின் கடைசி வரியில் ஓட்டம் முடிந்ததற்கு அடையாளமான 'சக்சஸ் கம்ப்ளீட்' விழுந்திருக்கும்.

அறுவடைச் சமயம் வாடிப்பட்டி மாமா களத்தில் நெல்லைக் காயப்போட்டிருந்தார். வரைபடத்தில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று, மேற்குக் காற்றோடு சிறுமலைக்குத் தெற்கே முட்டி நின்றது; நான்கு மணிக்கு அங்கேயே மேகம் எழும்பியது.

"மூன்று மணிக்குள் அள்ளிவிடுங்கள் மாமா" என்றேன்.

"வானம் வெளுத்துக் கிடக்கிறதே மாப்பிள்ளை" என்றார். ஆனாலும் அள்ளிவிட்டார். மழை ஐந்து மணிக்கு வந்தது.

நேரம் பெரும்பாலும் ஒரு மணி முன்பின்னாகப் பிடிபடுகிறது. இடம் இன்னும் கைக்கு வரவில்லை. சோழவந்தானுக்குச் சொன்ன மழை அலங்காநல்லூரில் பெய்கிறது. ஒரே ஓட்டத்தை நம்பித் தெருப் பெயர் சொல்வது கூடாது. அடுத்து, தொடக்க நேரத்தை மாற்றி அதே நாளைச் சில முறை ஓட்டி, எத்தனை ஓட்டங்களில் எந்த ஊரில் மழை விழுகிறது என்று எண்ணிப் பார்க்கப் போகிறேன். அத்தனை ஓட்டங்களின் வேலையைக் குறைக்க 9 கிலோமீட்டர் கட்டத்தின் பரப்பை இலங்கைக்கு இப்பாலேயே நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.