கருங்கல்லின் கார்வை

கொழும்பு, கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோவிலில் பாடப் போகிறவர்களுக்கு முதலில் பொறுமை வேண்டும். தூண், சுவர், கூரை எல்லாமே கருங்கல். ஒரு ஸ்வரத்தைப் பிடித்து விட்டால் அது உடனே அடங்காது. கூரையைத் தொட்டு, தூண்களுக்கிடையே சுற்றி, பாடியவரின் காதுக்கே திரும்பி வரும். ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவதைக் கார்வை, கார்வை என்று சங்கீத வகுப்பில் வாய் ஓயாமல் சொல்கிறோமே, அதை இங்கே கல்லே செய்து காட்டுகிறது.

பிரதோஷத்துக்கு என் மாணவிகள் சிலரைக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் கோட்டை வரும்வரை பெரும்பாலும் கடலோரம்தான். பிறகு ஆட்டோ. துறைமுகத்துப் பக்கம் லொறிகளின் இரைச்சல், அந்தோனியார் கோவிலுக்குப் போகும் கூட்டம், பூ விற்பவர்களின் கூப்பாடு. வாசல்படியைக் கடந்ததும் அந்த இரைச்சல் பின்னால் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் தாங்களாகவே பேச்சைக் குறைத்தார்கள்.

பொன்னம்பல முதலியார் கட்டிய கோவில் இது. அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை இதைக் கருங்கல்லால் புதுப்பித்துக் கட்டினார். எனக்கு அவர் பெயரோடு வேறொரு உறவும் உண்டு. நான் சங்கீதம் படித்தது யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில், இராமநாதன் பெயரில் 1960இல் தொடங்கிய இசைக் கல்லூரியில். மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்த இடம் என்று எங்கள் ஆசிரியர்கள் பெருமையோடு சொல்வார்கள். பாட்டுச் சொல்லித் தந்த இடத்துக்கும், பாடிக் கும்பிடும் இடத்துக்கும் ஒரே பெயர் வாய்த்ததை என் பாக்கியம் என்றே நினைக்கிறேன்.

அபிஷேகம் முடிந்து, தீபாராதனை முடிந்து, பஞ்சபுராணம் ஓதும் நேரம் வந்தது. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஐந்தையும் பிள்ளைகளுக்குள் பிரித்துக் கொடுத்திருந்தேன். திருவாசகம் மோகன ராகத்தில் வழக்கம்போல இனிமையாக வந்தது. திருவிசைப்பா கடைக்குட்டிக்கு. திருமாளிகைத்தேவரின் ‘ஒளிவளர் விளக்கே’, ஆனந்தபைரவியில். அம்பலத்தில் ஆடுகிறவனைப் பாடுகிற பாட்டு. பொன்னம்பலவாணர் முன்னால் அதைவிடப் பொருத்தமாக எதைப் பாடுவது?

பிள்ளை பயந்துபோய் வேகமாகத் தொடங்கினாள். முதல் சொல்லின் முழக்கம் அடங்குவதற்குள் இரண்டாவது சொல் வந்து அதன்மேல் விழுந்தது. குருக்கள் ஐயா தட்டைக் கீழே வைத்துவிட்டு, “ஆறுதலாப் பாடுங்கோ பிள்ளை. சுவாமி எங்கேயும் போகமாட்டார்” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். மறுபடி முதலில் இருந்து எடுத்தாள்.

தாளமில்லாமல் விருத்தமாகப் பாடுவதுதான், ஆனாலும் வகுப்புப் பழக்கத்தில் அவளுடைய வலது கை பாவாடை மடிப்பில் தட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாம் அடிக்கு வரும்போது அந்தக் கை நின்றுவிட்டது. ஆனந்தபைரவியின் காந்தார ஸ்வரத்தை ஊஞ்சல்போல ஆட்டி, அதற்குக் கீழுள்ள ரிஷபத்தில் இறக்க வேண்டும். மாதக்கணக்காக வகுப்பில் பிடிபடாத அந்த அசைவு அன்று அவள் தொண்டையில் தானாக வந்து உட்கார்ந்தது. கல் திருப்பிக் கொடுத்ததைக் கேட்டு, கேட்டு அவள் பாடினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சரஸ்வதி மண்டபத்திலோ இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலோ கச்சேரி என்றால் நான் முன்கூட்டியே போய் இடம்பிடிக்கிற ஆள். கற்பனாஸ்வரம் முடிந்து கைதட்டல் எழும்போது வருகிற பூரிப்பை எதற்காகவும் விடமாட்டேன். ஆனால் பஞ்சபுராணத்துக்கு யாரும் கைதட்டுவதில்லை. பாடி முடித்ததும் அடுத்தவர் தொடங்குவார், பிறகு ‘வான்முகில் வழாது பெய்க’ என்று வாழ்த்து, அவ்வளவுதான். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குத் தயாராகும் ஒவ்வொரு பிள்ளையும் அதற்கு முன்னால் ஒரு கோவிலில் இப்படி நின்று பாட வேண்டும் என்று பெற்றோரிடம் விடாமல் சொல்லி வருகிறேன். பரீட்சையில் ராக லட்சணம் எழுதினால் புள்ளி கிடைக்கும். ராகத்தோடு பழக்கம் வருவது வேறு விஷயம்.

எல்லோரும் பிரசாதம் வாங்கப் போனதும் நான் சிவகாமி அம்மன் சந்நிதிக்குப் போனேன். அம்மன்மேல் ஆனந்தபைரவியில், மிச்ர சாபு தாளத்தில் ஒரு கீர்த்தனை செய்திருந்தேன். இந்தக் கல்லை மனதில் வைத்தே செய்தது. முன்கூட்டியே அமைத்த ஸ்வர வரிசையான சிட்டைஸ்வரம் கிடையாது, ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகள் அடுக்கடுக்காகக் கிடையாது. பல்லவி பஞ்சமத்தில் நின்று முடியும். அப்புறம் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, வெறுமனே விட்டிருந்தேன். மெல்லத்தான் பாடினேன். நான் நிறுத்திய பிறகும் பஞ்சமம் நின்றது. தம்பூரா இல்லாத குறை தெரியவில்லை. அதன்மேலேயே அனுபல்லவியை எடுத்தேன். விளக்குக்கு எண்ணெய் விட வந்த ஓர் அம்மா சரணம் முடியும்வரை போத்தலைக் கையில் வைத்தபடி நின்று கேட்டுவிட்டு, “எந்த நாயனார் பாடினது, ரீச்சர்?” என்றார். “நான்தான் அம்மா செய்தேன்” என்று சொல்ல நாக் கூசியது. சொன்னேன். “அப்ப அடுத்த பிரதோஷத்துக்கும் வந்து பாடுங்கோ” என்றார்.

இனி மார்கழி. ஆருத்திரா தரிசனத்தோடு முடியும் பத்து நாளும் விடியற்காலையில் திருவெம்பாவை, சங்கும் சேமக்கலமுமாக. இருபது பாட்டையும் பூபாளத்தில் பாடவைக்க வேண்டும். மத்திமமும் நிஷாதமும் இல்லாத ராகம் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கும் பிடிபடும். கடைக்குட்டி தனக்கு முதல் பாட்டுத்தான் வேண்டும் என்று ரயிலிலேயே கேட்டுவிட்டாள், கொடுத்துவிட்டேன். மற்றப் பத்தொன்பதையும் யார் யாருக்கு என்று இந்த வாரமே பிரித்தாக வேண்டும்.