மண்டபத்தில் மீந்த சாப்பாட்டைக் காப்பகத்துக்குச் சேர்க்கும் தளம்: இடித்த இடங்கள்

படிவம், வரைபடம், டேட்டாபேஸ் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன. மூன்று வாரத்தைத் தின்றது எஸ்எம்எஸ்தான்.

இந்தியாவில் தளத்திலிருந்து எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி (தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் பதிவேடு) பதிவு கட்டாயம். அமைப்பைப் பதிந்து, ஹெட்டர் (அனுப்புநராகத் தெரியும் பெயர்) வாங்கி, அனுப்பப்போகும் வாசகத்துக்கும் (டெம்ப்ளேட்) முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். எங்கள் டெம்ப்ளேட் இருமுறை திரும்பி வந்தது. உதவி எண்ணில் கேட்டால் "விதிப்படி இல்லை" என்பதோடு சரி. தமிழ் வாசகத்துக்கு யூனிகோட் (ஆங்கிலம் அல்லாத எழுத்துகளுக்கானது) வகையைத் தேர்ந்தெடுக்காததுதான் காரணம் என்பதை நாங்களேதான் கண்டுபிடித்தோம். ஒப்புதல் வந்த பிறகும் ஒரு செய்திகூடப் போய்ச் சேரவில்லை: ஒப்புதல் பெற்றதில் இருந்த ஓர் இடைவெளி நிரலில் விடுபட்டிருந்தது. வாசகத்தைத் தட்டச்சு செய்யாதீர்கள், ஒப்புதலான பக்கத்திலிருந்து அப்படியே நகலெடுங்கள். வரைபட இணைப்பைச் சேர்ப்பதானால் அதையும் பதிவு செய்ய வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் பதியாத இணைப்புள்ள செய்தி தடுக்கப்படுகிறது. தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான். துணைக்குறிகளும் தனியாக எண்ணப்படுவதால் "சோறு" என்ற இரண்டு எழுத்தே நான்காகக் கணக்காகும். மண்டபம், அளவு, கெடு, இந்த மூன்றுக்கு மேல் எதையும் எழுதாதீர்கள்.

இதைவிட ஆபத்தானது நேரக் கணக்கு. சமைத்ததிலிருந்து 4 மணி நேரம் என்று கெடு வைத்திருந்தோம். மண்டபத்தில் காலை 11 என்று பதிந்ததைச் சர்வர் யுடிசி நேரமாக (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) எடுத்துக்கொண்டது. மதியம் 3 மணிக்கு மறைந்திருக்க வேண்டிய சாப்பாடு இரவு 8.30 வரை பட்டியலில் நின்றது. நல்லவேளை, சோதனையிலேயே தெரிந்தது. நேரத்தோடு நேர மண்டலத்தையும் சேர்த்தே சேமியுங்கள்.

ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு வண்டி போனதும் நடந்தது. பதிவு இன்னும் யாரும் எடுக்காமல் திறந்திருக்கிறதா என்று முதலில் படித்து, பிறகு எழுதினால், அந்த இடைவெளியில் இருவருமே பட்டனை அழுத்திவிடுவார்கள். "திறந்திருந்தால் மட்டும் மாற்று" என்ற நிபந்தனை அப்டேட் கட்டளைக்குள்ளேயே இருக்க வேண்டும். டேட்டாபேஸில் எத்தனை வரி மாறியது என்று பாருங்கள்: ஒன்று என்றால் கிடைத்தது, பூஜ்யம் என்றால் வேறொருவர் எடுத்துவிட்டார்.

அளவை "எத்தனை பேருக்கு" என்று கேட்காதீர்கள். மண்டபத்தில் 100 பேருக்கு என்பார்கள். சோறு அவ்வளவு இருக்கும், சாம்பார் அதில் பாதிகூட இருக்காது. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் தனி வரி, அரை அண்டா, கால் அண்டா என்று தேர்வு, ஒரு புகைப்படம். பாத்திரத்தை யார் தருவது என்ற கேள்வியும் படிவத்திலேயே இருக்கட்டும். மண்டப அண்டா வெளியே போகாது. வெறுங்கையோடு போன வண்டி வெறுங்கையோடுதான் திரும்பும்.

உபரி உணவுக்கென 2019இல் வந்த எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிமுறையை முதல் நாளே படித்திருந்தால் படிவத்தை இரண்டாம் முறை எழுதியிருக்க வேண்டாம். உணவின் பெயர், எங்கிருந்து வந்தது, சமைத்த நாள், காலாவதி, சைவமா அசைவமா என அது லேபிளில் கேட்பவைதான் படிவத்துக்கு வேண்டிய கட்டங்கள். வாங்கும்போது சூடான உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்கிறதா என்று தெர்மாமீட்டரில் பார்த்துப் பதிய ஒரு கட்டம் நாங்கள் சேர்த்தோம். தேங்காய்ச் சட்னியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம்.